டிராகனின் எடை

கிரெசிடா கோவெல் 2003இல் வெளியிட்ட குழந்தைகள் நாவலில் டூத்லெஸ் மிகச் சிறிய டிராகன். மற்றப் பையன்கள் பார்த்துக் கேலி செய்யும் அளவுக்குச் சிறியது. டிரீம்வொர்க்ஸ் நிறுவனம் 2010இல் அந்தக் கதையைத் திரைக்குக் கொண்டுவந்தபோது டூத்லெஸ்ஸைப் பெரிதாக்கியது. ஹிக்கப் என்ற வைக்கிங் சிறுவன் அதன் முதுகில் ஏறிப் பறக்க வேண்டும். ஆளைச் சுமக்க ஆகிருதி வேண்டும். 2014இல் டீன் டெப்ளாய்ஸ் எழுதி இயக்கிய இரண்டாம் பாகமான ‘ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன் 2’ இன்னும் துணிந்து போனது. கதையில் ஐந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஹிக்கப்புக்கு இருபது வயது. பெர்க் தீவில் மனிதர்களும் டிராகன்களும் ஒன்றாக வாழ்கிறார்கள். நான்கு இறக்கைகள் கொண்ட கிளவுட்ஜம்பர் வருகிறது. கடலுக்குள்ளிருந்து மலையளவு உடம்போடு பிவில்டர்பீஸ்ட் எழுகிறது. அது கக்குவது நெருப்பை அல்ல, பனிக்கட்டியை.

இந்த அத்தியாயத்தின் கேள்வி ஒன்றுதான். நாவலிலிருந்து திரைக்கு வரும் வழியில் டூத்லெஸ் வளர்ந்ததே, அந்த வளர்ச்சிக்கு ஓர் உடம்பு என்ன விலை கொடுக்க வேண்டும்?

கற்பனை விலங்கிடம் போய் இயற்பியல் கேட்கலாமா என்று சிலர் நினைக்கலாம். இந்தப் படத்திடம் கேட்கலாம். காரணம், அதை உருவாக்கியவர்களே கேட்டிருக்கிறார்கள். டூத்லெஸ் தரையிறங்கும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். முதலில் உடம்பு நிமிர்கிறது, இறக்கைகள் முன்னால் குவிந்து காற்றை வாங்குகின்றன, வேகம் குறைகிறது, அதன் பிறகுதான் கால்கள் தரையைத் தொடுகின்றன. இறக்கை கீழே அடிக்கும்போது உடம்பு சற்று உயர்கிறது. மேலே போகும்போது சற்றுத் தாழ்கிறது. இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் பறக்கும் பொம்மை மிதக்கும் பொம்மையாகிவிடும். இரண்டாம் பாகத்துக்காக அந்த நிறுவனம் பிரீமோ என்ற புதிய மென்பொருளைப் பயன்படுத்தியது. அதற்கு முன் அசைவுக் கலைஞர்கள் எண்களை உள்ளிட்டு உடலை அசைத்தார்கள். பிரீமோவில் திரையின் மேல் எழுதுகோலால் டிராகனின் தோளையோ வாலையோ நேரடியாகப் பிடித்து வளைக்க முடிந்தது. எடையைக் கண்ணுக்குக் காட்டும் வேலைக்கு அது பெரிய உதவி. எடையைக் காட்டிவிட்டார்கள் என்பதால் நாமும் எடை போடலாம்.

இன்று வாழும் பறவைகளில் இறக்கை விரிவு மிகப் பெரியது வாண்டரிங் ஆல்பட்ராஸ். நன்கு வளர்ந்த ஒன்றின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 3.5 மீட்டர், எடை சுமார் 10 கிலோ, இறக்கைப் பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் ஏறக்குறைய 17 கிலோவைத் தாங்குகிறது. காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், இந்தப் பறவை மணிக்கு சுமார் 48.5 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் வானில் நிற்க முடியாது. ஆல்பட்ராஸ் காற்றுக்கு எதிர்முகமாக ஓடி ஓடி எழும்புவது இதனால்தான்.

இப்போது அதே பறவையை எல்லாத் திசையிலும் 4 மடங்காக்குவோம். இறக்கை விரிவு 14 மீட்டர் ஆகிவிடும். டூத்லெஸ்ஸுக்குப் பொருத்தமான அளவுதான். இறக்கைப் பரப்பு நீளத்தின் இருமடி என்பதால் 16 மடங்கு, அதாவது 9.6 சதுர மீட்டர். எடையோ கன அளவைப் பின்தொடர்வது, நீளத்தின் மும்மடி. 64 மடங்கு. 10 கிலோ பறவை 640 கிலோ டிராகன் ஆகிறது. ஒரு சதுர மீட்டர் இறக்கை இப்போது 67 கிலோவைத் தாங்க வேண்டும். வானில் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் இரட்டிப்பாகி மணிக்கு 97 கிலோமீட்டருக்குப் போய்விடும். ஹிக்கப் ஏறி உட்கார்ந்தால் 100ஐத் தாண்டும்.

பரப்பு பின்தங்க, எடை முந்தும் இந்த விதியைக் கலிலியோ 1638இல் எலும்புகளை வைத்து விளக்கினார். பெரிய விலங்கின் எலும்பு சிறியதன் எலும்பைவிட நீளத்துக்கு ஒவ்வாத அளவு தடித்திருக்க வேண்டும் என்று படம் வரைந்தே காட்டினார். ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் உடலளவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைப் பறத்தலுக்கும் நீட்டினார். பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் காலமான அதே ஹால்டேன்தான்.

வேகம் மட்டுமல்ல, ஆற்றலும் சிக்கல். உடம்பு பெரிதாகப் பெரிதாக இறக்கை மெதுவாகத்தான் அடிக்கும். தேன்சிட்டைவிடச் சிறிய ஹம்மிங் பறவை நொடிக்கு ஐம்பது முறை அடிக்கும். காகம் நான்கைந்து முறை. ஆல்பட்ராஸ் அடிப்பதையே தவிர்த்து, அலைகளுக்கு மேல் உயரத்துக்கு உயரம் மாறும் காற்றின் வேகத்திலிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டு மிதக்கும். ஒரு கிலோ தசை ஓர் அடிப்பில் செய்யக்கூடிய வேலை எல்லா விலங்குகளிலும் ஏறத்தாழ ஒன்றே. அடிப்புகள் குறைந்தால் அதே தசை ஒரு நொடியில் தரும் ஆற்றலும் குறைகிறது. ஆனால் பெரிய உடம்பு வேகமாகப் பறந்தாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் ஆற்றல் வேண்டும். வரவு இறங்க, செலவு ஏறுகிறது. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பறக்கும் விலங்கின் எல்லை இருக்கிறது. இன்று சொந்த இறக்கையால் பறக்கும் பறவைகளில் மிகவும் எடை கூடிய வகைகளில் ஒன்று நம் கானமயில். அதுவே 15 கிலோ அளவில் நின்றுவிடுகிறது.

அப்படியானால் 640 கிலோ நடக்காத காரியமா? அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம் என்கிறது டெக்சாஸின் பாலைநிலம். 1971இல் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் டக்ளஸ் லாசன் என்ற ஆராய்ச்சி மாணவர் நீண்ட, உள்ளீடற்ற ஓர் இறக்கை எலும்பைக் கண்டெடுத்தார். டைனோசர்களின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த, டெரோசார் எனும் பறக்கும் ஊர்வன ஒன்றின் எலும்பு அது. கெட்சால்கோட்லஸ் என்று பெயரிட்டார்கள். இறக்கை விரிவு 10 முதல் 11 மீட்டர். நின்றால் ஒட்டகச்சிவிங்கியின் உயரம். எடையைப் பற்றிய சண்டை பல ஆண்டுகள் நடந்தது. 70 கிலோ என்று சொன்னவர்கள் உண்டு. 2010இல் ஓர் ஆய்வாளர் 544 கிலோ என்று கணக்கிட்டு, ஆகவே அது பறந்திருக்கவே முடியாது என்றார். இன்று பலரும் ஏற்பது 200 முதல் 250 கிலோ. கானமயிலைப் போலப் பதினைந்து மடங்கு எடை. அது எப்படித் தரையை விட்டு எழுந்தது?

இதற்கு 2008இல் மைக்கேல் ஹபீப் முன்வைத்த விடை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பறவை இரண்டு தனித்தனி இயந்திரங்களைச் சுமந்து திரிகிறது. கால் தசை குதிப்பதற்கு. மார்புத் தசை பறப்பதற்கு. வானில் கால் தசை வெறும் சுமை, தரையில் மார்புத் தசை வெறும் சுமை. டெரோசார் அப்படி அல்ல. அது தரையில் நான்கு காலில் நடந்தது. முன்னங்கால்கள்தாம் மடித்த இறக்கைகள். ஆகவே இறக்கையை அடிக்கும் அதே பெருந்தசையால் தரையை உந்தி எம்பியிருக்க வேண்டும் என்றார் ஹபீப். இதை நாம் நேரில் பார்க்கவும் வழி உண்டு. இரத்தம் குடிக்கும் வௌவால் தரையிலிருந்து எழும்போது முன்கைகளால்தான் உந்துகிறது. ஒரே தசைக்கு இரட்டை வேலை கொடுத்ததால் டெரோசார்கள் பறவைகளின் எல்லையைப் பல மடங்கு தாண்டின.

டூத்லெஸ் இந்தச் சிக்கனத்தைப் பின்பற்றவில்லை. அதற்கு நான்கு கால்கள், போதாததற்கு இரண்டு இறக்கைகள். கால்களுக்கு ஒரு தசைத்தொகுதி, இறக்கைகளுக்கு வேறொன்று, இரண்டு சோடித் தோள்கள். எனக்கு மிகவும் பிடித்த டிராகன் அது. ஆனாலும் பறக்கும் உடம்பாக மிக ஊதாரித்தனமான வடிவமைப்பு என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆறு உறுப்புகள் என்பது எடையைவிட ஆழமான சிக்கல். சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரிலிருந்து நிலத்துக்கு வந்த மீன்வழி முன்னோர்களுக்கு இரண்டு சோடித் துடுப்புகள் கால்களாக மாறின. அன்றிலிருந்து தவளை, பல்லி, யானை, மனிதர் எல்லோரும் அந்த நான்கு என்ற கணக்குக்குள்தான். பாம்பு நான்கையும் இழந்தது. ஐந்தாவதைச் சேர்த்தவர் யாருமில்லை. பறவையும் வௌவாலும் டெரோசாரும் இறக்கை பெறுவதற்குத் தங்கள் கைகளைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது.

கைகளைக் கொடுக்காமல் இறக்கை பெற்ற ஊர்வனவும் உண்டு. அதைப் பார்க்க வடகடலுக்குப் போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலும் அதை ஒட்டிய பாக்குத் தோப்புகளிலும் பறக்கும் ஓணான் வாழ்கிறது. விலங்கியலாளர்கள் இதன் பேரினத்துக்கு வைத்திருக்கும் பெயரே டிராகோ. வாலோடு சேர்த்து ஒரு சாண் சொச்சம் நீளம். விலா எலும்புகளில் சில உடம்பை விட்டு வெளியே நீண்டு, அவற்றுக்கு இடையே சவ்வு விரிகிறது. மரத்திலிருந்து குதிக்கும், விலாவை விரிக்கும், அடுத்த மரத்துக்கு மிதந்து போய்த் தலை மேலாக ஒட்டிக்கொள்ளும். இந்த மலைகளில் வாழும் இனத்தைக் கவனித்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒரு புதுமையைச் சொன்னது. குதித்த சிறிது நேரத்தில் ஓணான் தன் முன்கைகளைப் பின்னே கொண்டுபோய் சவ்வின் முன் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிறகு கையை அசைத்து இறக்கையின் வளைவை மாற்றித் திசை திருப்புகிறது. தரையிறங்கும் கணத்தில் விட்டுவிடுகிறது. கை மீண்டும் கையாகிறது. நான்கு கால், இரண்டு இறக்கை என்ற டிராகன் கணக்கு கிராம் அளவில் நிறைவேறிவிட்டது.

அதற்கும் முன்னோடிகள் உண்டு. சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் தோன்றும் முன்பே, மடகாஸ்கரில் வாழ்ந்த சீலூரோசாரவஸ் என்ற ஊர்வனவுக்கு உடம்பின் இரு புறமும் நீண்ட எலும்புக் கம்பிகள் இருந்தன. அவை விலா எலும்புகளும் அல்ல, கால்களிலிருந்து வந்தவையும் அல்ல. இறக்கைக்காகவே உடம்பில் புதிதாக உருவான எலும்புகள். ஆனால் இவை எவற்றாலும் இறக்கையை அடிக்க முடியாது. அடிப்பதற்குத் தோள் வேண்டும், தோளைப் பிடிக்க நெஞ்செலும்பு வேண்டும். விலாவிலிருந்து வரும் இறக்கைக்கு மிதக்கத்தான் தெரியும்.

கிளவுட்ஜம்பரின் நான்கு இறக்கைகளுக்கும் உண்மையான உறவினர் இருக்கிறார். சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் கிடைத்து, 2003இல் ஷு ஷிங் குழுவினர் விவரித்த மைக்ரோராப்டர் என்ற சிறு டைனோசருக்குக் கைகளில் மட்டுமின்றிப் பின்னங்கால்களிலும் நீண்ட இறகுகள் இருந்தன. பழைய இரட்டைத்தட்டு விமானம்போல் பின்கால் இறக்கையைக் கீழ்த்தட்டாக வைத்துப் பறந்திருக்கலாம் என்று 2007இல் ஒரு கருத்து வந்தது. நம் கணக்கிலும் அது பயன் தரும். 640 கிலோ டிராகனுக்கு அதே அளவில் இன்னொரு சோடி இறக்கை கிடைத்தால் குறைந்தபட்ச வேகம் 97இலிருந்து 69 கிலோமீட்டருக்கு இறங்கும். காகிதத்தில் மட்டும். மேல் இறக்கையும் கீழ் இறக்கையும் ஒன்றன் காற்றோட்டத்தை மற்றொன்று கெடுக்கும். பாதி ஆதாயம் அங்கேயே போய்விடும். முதல் உலகப் போர்க் காலத்து விமானிகள் விரும்பிய இரட்டைத்தட்டு விமானங்களைப் பின்வந்த பொறியாளர்கள் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வால். முதல் படத்திலேயே டூத்லெஸ் வால் துடுப்பின் இடப்பாதியை இழந்துவிடுகிறது. ஹிக்கப் அதற்குச் செயற்கைத் துடுப்பு செய்து, மிதிகட்டையால் தானே இயக்குகிறான். அந்தப் படத்தின் முடிவில் அவனும் இடக்காலின் கீழ்ப்பகுதியை இழக்கிறான். இரண்டாம் பாகத்தில் அவனுடைய செயற்கைக் கால் அந்த மிதிகட்டையில் சரியாகப் பூட்டிக்கொள்கிறது.

ஒரு துடுப்பு போனதற்காகப் பறக்கவே முடியாமல் போகுமா? வால் இறகுகளை முழுக்க உதிர்த்த பறவை பறப்பதைப் பார்த்திருக்கிறோமே? இதற்கு விடை 1952இல் ஜான் மேனார்ட் ஸ்மித் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஹால்டேனின் மாணவர்; போர்க்காலத்தில் விமானப் பொறியாளராக இருந்துவிட்டுப் பிறகு உயிரியலுக்கு வந்தவர். அவர் கவனித்தது இது: தொடக்க கால டெரோசார்களுக்கு நீண்ட வால், அதன் நுனியில் ராம்ஃபோரிங்கஸின் புதைபடிவங்களில் காண்பதுபோல் ஒரு தகடு. பிற்காலத்தவற்றுக்கு வால் குட்டை. பறவைகளின் கதையும் இப்படியே. நீண்ட வால் உள்ள உடம்பு தானாகவே நிலைகொள்ளும். காற்று தள்ளினால் வால் அதைத் திரும்ப நேராக்கும். வாலைத் துறந்த விலங்கு அந்தப் பாதுகாப்பை இழக்கிறது. நொடிக்கு நொடி மூளையும் நரம்பும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாகச் சட்டென்று திரும்பும் வித்தை கிடைக்கிறது. சுமார் இரண்டு பத்தாண்டுகளுக்குப் பிறகு எஃப்-16 போர் விமானம் இதே பேரத்தைச் செய்தது: வேண்டுமென்றே நிலையற்ற உடல், அதை ஒவ்வொரு கணமும் திருத்தும் கணினி.

டூத்லெஸ் நீண்ட வால் கட்சி. அதன் மூளை அந்த வாலை நம்பிப் பழகியது. வால் முழுதாகப் போயிருந்தால்கூட இரு பக்கமும் சமமாக இருந்திருக்கும். பாதி போனதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறை துடுப்பை விரிக்கும்போதும் உடம்பு ஒரு பக்கமாக உருளும். ஆகவே கதையின் இந்தப் பகுதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

செயற்கைத் துடுப்பும் வெறும் கதை அல்ல. ஜப்பானின் ஒகினாவா சுராவுமி காட்சியகத்தில் ஃபூஜி என்ற டால்ஃபின் 2002இல் நோயால் வால் துடுப்பின் பெரும்பகுதியை இழந்தது. டயர் செய்யும் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் அதற்கு ரப்பர் துடுப்பு செய்து கொடுத்தது. ஃபுளோரிடாவில் 2005 டிசம்பரில் நண்டுப் பொறியின் கயிற்றில் சிக்கிய குட்டி டால்ஃபின் விண்டர் வாலையே இழந்தது. மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் வல்லுநர்கள் அதற்கு வால் செய்ய வந்தார்கள். டால்ஃபினின் தோல் மிக மென்மையானது. வழக்கமான உறை அதைப் புண்ணாக்கிவிடும். ஆகவே வழுக்காமலும் உறுத்தாமலும் பற்றிக்கொள்ளும் ஒரு புது ஜெல் பொருளை உருவாக்கினார்கள். பிறகு அதே பொருளைக் கால் இழந்த மனிதர்களின் செயற்கைக் கால் உறைகளிலும் பயன்படுத்தினார்கள். டிராகனின் செயற்கை வாலையும் ஹிக்கப்பின் செயற்கைக் காலையும் ஒன்றாகத் திரையில் பார்க்கும்போது எனக்கு விண்டரின் நினைவுதான் வருகிறது.

இரண்டாம் பாகத்தில் ஹிக்கப்பின் தாய் வால்கா டூத்லெஸ்ஸின் முதுகு முட்களைத் தொட, அவை இரண்டு வரிசையாகப் பிரிகின்றன. இனி இறுக்கமாகத் திரும்பலாம் என்கிறாள். இங்கே நான் வால்காவோடு உடன்பட முடியவில்லை. பறக்கும் பொருள் திரும்புவது முள்ளாலோ வாலாலோ அல்ல. உடம்பு சாய்கிறது, இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பகுதி பக்கவாட்டில் இழுக்கிறது, அந்த இழுப்புதான் பாதையை வளைக்கிறது. சாய்ந்த நிலையில் எடையையும் தாங்க வேண்டும் என்பதால் வேகமும் கூட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கண்டிப்பான விடை வருகிறது. எவ்வளவு செங்குத்தாகச் சாய்ந்தாலும், உயரத்தை இழக்காமல் 640 கிலோ டிராகன் போடக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் ஆரம் சுமார் 74 மீட்டர். ஆல்பட்ராஸுக்கு அது 18 மீட்டர் சொச்சம். கடலில் நிற்கும் பாறைத் தூண்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போக 74 மீட்டர் ஆரம் மிகப் பெரியது. உடலின் நடுவில் இருக்கும் சிறு முட்களுக்கு இந்த எண்ணை மாற்றும் வலு இல்லை. உதவக்கூடியது ஒன்றே: உயரத்தை விட்டுக்கொடுத்துக் கீழே பாய்ந்தபடி திரும்புவது. படத்தின் நல்ல பறத்தல் காட்சிகளில் டூத்லெஸ் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறது.

இந்தத் திருப்ப வட்டம் திரைக்கு வெளியே உயிரைக் குடிக்கும் விஷயம். இராஜஸ்தானிலும் குஜராத்திலும் எஞ்சியிருக்கும் கானமயில்கள் மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன. நேர்முன்னே பார்க்கும் பார்வை அவற்றுக்குக் குறைவு. கம்பி கண்ணில் பட்ட பிறகு அவ்வளவு எடையுள்ள உடம்பால் உடனே விலகவும் முடியாது. காகத்தால் முடியும், கானமயிலால் முடியாது. எடைக்கும் இறக்கைக்கும் உள்ள விகிதம் ஓர் இனத்தையே அழிவின் விளிம்பில் நிறுத்த உதவுகிறது. கம்பிகளைத் தரைக்குள் புதைப்பதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பறக்கும் பெரிய உடம்பு எவ்வளவு நொய்யது என்பதை அந்தப் பறவையைவிடத் தெளிவாக யாரும் நமக்குச் சொல்ல முடியாது.

ஹிக்கப் தானே பறக்கும் காட்சிக்கு வருவோம். மேகங்களுக்கு மேலே டூத்லெஸ்ஸின் வாலை ஒரே நிலையில் பூட்டிவிட்டு அவன் குதிக்கிறான். கைக்கும் காலுக்கும் இடையே தோல் இறக்கை விரிகிறது. விங்சூட் என்ற இந்த உடையை இன்று உலகெங்கும் அணிந்து குதிக்கிறார்கள். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் இரண்டரை, மூன்று மீட்டர் முன்னேறலாம். இறங்குவதற்கு எல்லோரும் பாராசூட்டைத் திறக்கிறார்கள். 2012 மே மாதம் கேரி கானரி என்ற ஆங்கிலேயர் முதன்முறையாகப் பாராசூட் இல்லாமல் இறங்கினார். அவரைத் தாங்க 18,600 அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெர்க்கில் அட்டைப் பெட்டி இல்லை. ஹிக்கப் ஒவ்வொரு முறையும் டூத்லெஸ்ஸை நம்பித்தான் குதிக்கிறான்.

நெருப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இயற்கை அதன் அருகே வந்துவிட்டது. குண்டுவீசி வண்டு தன் வயிற்றில் ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஓர் அறையிலும், நொதிகளை இன்னோர் அறையிலும் வைத்திருக்கிறது. எதிரி தொட்டால் இரண்டும் கலக்கின்றன. கலவை கொதிநிலையை எட்டி, நொடிக்கு ஐந்நூறு முறை அளவில் துடிப்புத் துடிப்பாகப் பீய்ச்சுகிறது. தொடர்ச்சியாகப் பீய்ச்சாமல் விட்டு விட்டுப் பீய்ச்சுவதால் வண்டின் உடம்பு வெந்துபோவதில்லை. படத்தில் வரும் இரட்டைத் தலை ஜிப்பிள்பேக் இதே தந்திரத்தைக் கையாள்கிறது: ஒரு தலை வாயுவை விடும், மறு தலை பொறி தட்டும். பிரித்து வை, தேவைப்படும்போது கலக்கு.

பனிக்கட்டிதான் கடினம். பிவில்டர்பீஸ்ட் பீய்ச்சும் நீர் பட்ட இடத்தில் அம்பு அம்பாக உறைந்து நிற்கிறது. நீர் பூச்சியம் டிகிரிக்குக் கீழும் உறையாமல் இருக்க முடியும் என்பது உண்மை. தூய சிறு துளிகள் மைனஸ் 38 டிகிரி வரைகூடத் திரவமாகவே இருக்கும். மேகங்களில் இத்தகைய மீக்குளிர்ந்த துளிகள் ஏராளம். அதற்குள் புகும் விமானத்தின் இறக்கையில் பட்டவுடன் அவை உறைந்து ஒட்டிக்கொள்வதால் விமானிகள் அஞ்சுகிறார்கள். உயிருள்ள உடம்பாலும் ஓரளவு முடியும். அண்டார்டிகாவின் மெக்மர்டோ வளைகுடாவில் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி. அங்குள்ள மீன்கள் உறையாமலிருப்பதன் காரணத்தை ஆர்தர் டிவ்ரீஸ் 1960களில் கண்டுபிடித்தார். அவற்றின் இரத்தத்தில் உள்ள ஒரு புரதம் நுண்ணிய பனிப்படிகங்களில் ஒட்டிக்கொண்டு அவை வளர விடாமல் தடுக்கிறது. ஆர்க்டிக் தரை அணில் குளிர்கால உறக்கத்தில் தன் உடம்பை மைனஸ் 2.9 டிகிரி வரை இறக்கிக்கொள்கிறது என்று 1989இல் பிரையன் பார்ன்ஸ் அளந்து காட்டினார்.

மீக்குளிர்ந்த நீரை உறையத் தூண்டவும் இயற்கையில் ஆள் உண்டு. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் மேற்புறப் புரதம் நீர் மூலக்கூறுகளைப் பனிப்படிகத்தின் ஒழுங்கில் நிறுத்துகிறது. மைனஸ் 2 டிகிரி அளவிலேயே நீர் உறைகிறது. பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி பொழியும் இயந்திரங்களில் இந்தப் புரதத்தைக் கலக்கிறார்கள். ஆக, ஓர் அறையில் மீக்குளிர்ந்த நீர், இன்னோர் அறையில் இந்தப் புரதம், வாயில் கலப்பு. வண்டின் தந்திரமே இங்கும் பொருந்துகிறது.

ஆனால் உறைவதென்றால் நீர் வெப்பத்தை வெளியே விட வேண்டும். ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் விடுகிறது. அதே நீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமான வெப்பம். மைனஸ் 20 டிகிரி நீர் உறையத் தொடங்கியதும் இந்த வெப்பமே மீதி நீரைச் சூடாக்கிவிடும். நான்கில் ஒரு பங்கு உறைந்ததுமே எல்லாம் பூச்சிய டிகிரிக்கு வந்து நின்றுவிடும். 10 டன் பீய்ச்சினால் 2.5 டன் பனிக்கட்டி, 7.5 டன் பனிநீர். மைனஸ் 40 வரை கொண்டுபோனாலும் பாதிதான் தேறும். பெர்க்கின் வீடுகள் பனிக்கூர்களுக்குள் சிக்குவதற்கு முன் சேற்றுப் பனியில் மூழ்கும். மீதியை உறைய வைக்க வெளிக்காற்று வேண்டும்; அதற்கு நேரம் பிடிக்கும்.

பிவில்டர்பீஸ்ட்டைப் பறக்க விடாமல் கடலில் வைத்தார்களே, அந்த முடிவு மிகச் சரியானது. நீர் எடையைத் தாங்கிக்கொள்ளும். நீலத்திமிங்கிலம் 30 மீட்டர் நீளத்துக்கும் 150 டன்னுக்கும் மேலான எடைக்கும் வளர்வது அதனால்தான். நிலத்தில் நடந்த மிகப் பெரிய டைனோசர்கள் அதில் பாதி அளவிலேயே நின்றுவிட்டன. ஆனால் கடலில் வாழ்வதால் ஒரு புதிய சிக்கல். மிகக் குளிர்ந்த கடல்நீரே மைனஸ் 1.9தான், அதில் கிடந்துகொண்டு மைனஸ் 20க்கு எதையும் குளிர்விக்க முடியாது. உறைகாற்றில் உடம்பை வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். யானை காதை விசிறி வெப்பத்தை விடுவதுபோல், அந்த டிராகனின் தலையைச் சுற்றியுள்ள சிடுக்கான கிரீடத்தில் இரத்தம் ஓடி வெப்பத்தை விடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டர் பரப்பு, ஒவ்வொரு சதுர மீட்டரும் நொடிக்கு 100 ஜூல் வெப்பத்தை விடுகிறது என்று கொள்வோம். 10 டன் நீரைப் பூச்சியத்திலிருந்து மைனஸ் 20க்கு இறக்க 23 மணி நேரம் ஆகும். உடம்பு இன்னும் பெரிதானால் நீர் மும்மடியில் கூடும், கிரீடத்தின் பரப்பு இருமடியில்தான் கூடும். காத்திருப்பு இன்னும் நீளும். திரையில் அது பெர்க்கின் மேல் மூச்சுக்கு மூச்சு பனியைக் கொட்டுகிறது. நம் கணக்கின்படி முதல் வீச்சுக்கும் இரண்டாம் வீச்சுக்கும் இடையே தீவின் மக்களுக்குக் குழந்தைகளையும் ஆடுகளையும் படகேற்றிக்கொண்டு வெளியேற ஏறக்குறைய ஒரு முழு நாள் கிடைத்திருக்கும்.